கன்றுகளுக்குக் கட்டிய பச்சை வலைக் கூண்டுகளை எப்போது கழற்றுவது, கழற்றியதை எங்கே கொடுப்பது?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கரையைக் கடந்தபோது எங்கள் ஊரின் சாலையோர மரங்களில் பாதிக்குமேல் சாய்ந்துவிட்டன. அதற்கு மறு ஆண்டு தொடங்கி மூன்று மழைக்காலங்களில், ஊர் இளைஞர்கள் பதினான்கு பேர் சேர்ந்து, வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கரையிலும் பள்ளிக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் புங்கன், வேம்பு, பூவரசு, நாவல், மருது, இலுப்பை என நானூறு கன்றுகளுக்குமேல் நட்டோம். சென்ற வாரம் நடந்து எண்ணிப் பார்த்ததில் 286 நிற்கின்றன.

நட்ட காலத்தில் ஒரு தனியார் நிறுவனம் பச்சை நிறப் பிளாஸ்டிக் வலையைச் சுருள் சுருளாகக் கொடுத்தது. அதை ஐந்தடி உயரத்துக்கு வெட்டி, ஓரடி விட்டமுள்ள உருளையாக வளைத்து, மூன்று சவுக்குக் கம்புகளை ஊன்றிக் கட்டுக்கம்பியாலும் நைலான் கயிற்றாலும் கட்டினோம். வலை தீர்ந்துபோன இடங்களில் பழைய பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து கன்றைச் சுற்றி நிறுத்தினோம். இன்னும் சில இடங்களில் சிமெண்டுச் சாக்கைச் சுற்றினோம். கம்புகளைக் கறையான் இரண்டே ஆண்டுகளில் தின்று தீர்த்துவிட்டது. ஆகவே இப்போது கூண்டு மரத்தைக் காக்கவில்லை. மரந்தான் கூண்டைச் சுமந்துகொண்டு நிற்கிறது. பல கூண்டுகளில் கிளைகள் வலைக்கண் வழியாக வெளியே வந்து பருத்துவிட்டதால், வலை பட்டைக்குள் புதையத் தொடங்கியிருக்கிறது. சில கூண்டுகள் தொட்டாலே நொறுங்குகின்றன.

நட்டவர்களைப் பாராட்டிப் பேச வந்தவர்களில் ஒருவர்கூடக் கூண்டைக் கழற்றுவதைப் பற்றிச் சொல்லவில்லை. எங்களுக்கும் அது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் அறிய விரும்புவது மூன்று. எந்தப் பருவத்தில், எந்த அளவு வளர்ந்த மரத்திலிருந்து கூண்டைக் கழற்றலாம்? பட்டைக்குச் சேதமில்லாமல் எப்படிக் கழற்றுவது? கழற்றியதை யாரிடம் கொடுப்பது? அருகிலுள்ள பழைய இரும்புக் கடைக்கு ஒரு மூட்டையைக் கொண்டுபோனபோது, கடைக்காரர் அதைப் பிரித்துக்கூடப் பாராமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தென்னந்தோப்பு (ஒரத்தநாடு) எழுதுகிறார்:

தம்பி, கஜாவில் என் தோப்பில் நின்ற தென்னையில் முக்கால்வாசியை இழந்தவன் நான். அதன் பிறகு வேலி ஓரமாக மகோகனியும் வேங்கையும் தேக்கும் வைத்து, அவற்றுக்குக் கூண்டு கட்டிக் கழற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கணக்குப் பார்த்துக் கழற்றாதீர்கள். மரத்தைப் பார்த்துக் கழற்றுங்கள். ஆடு பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றால் ஆறடி வரை எட்டிக் கடிக்கும். கீழ்க்கிளையின் தழை அதற்கு மேலே போயிருக்க வேண்டும். நெஞ்சு உயரத்தில் தண்டு உங்கள் மணிக்கட்டின் பருமனாவது இருக்க வேண்டும். நம் பகுதியில் வாய்க்கால் ஈரம் கிடைக்கிற இடத்தில் வேம்பும் புங்கனும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் இந்த நிலைக்கு வந்துவிடும். இலுப்பைக்கு அவசரம் கிடையாது. அது தன் போக்கில்தான் வளரும்.

அடுத்தது பருவம். சம்பாவும் தாளடியும் அறுவடையானவுடன் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து நம் வயல்களில் கிடை போடுவார்கள். மாசியிலிருந்து ஆனி வரை ஆயிரக்கணக்கான ஆடுகள் வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் நடமாடும்போது, இளமரத்தை வெறுமையாக்கி விடுவது சரியல்ல. தழை எட்டாவிட்டாலும் ஆடு பட்டையை உரித்துவிடும். அத்தோடு, நான்கைந்து ஆண்டுகள் வலையின் நிழலிலேயே இருந்த பட்டை சித்திரை வெயிலை நேராக வாங்கினால், மேற்குப் பக்கத்தில் வெந்து வெடிப்பதை என் தோப்பிலேயே பார்த்திருக்கிறேன். ஆடிக் காற்றிலும் கழற்றக் கூடாது. என் கணக்குப்படி ஆவணிதான் சரியான மாதம். கிடை ஆடுகள் ஊர் திரும்பியிருக்கும், வயல்களில் பயிர் இருப்பதால் உள்ளூர்க் கால்நடைகளையும் கட்டி வைத்திருப்பார்கள், காற்று தணிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கும்.

அந்த இரண்டு மாதங்கள் எதற்கு என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். காற்றில் ஆடி ஆடித்தான் ஒரு மரம் தன் அடித்தண்டைப் பருமனாக்கிக்கொள்கிறது. வேரையும் அகலமாக ஊன்றுகிறது. கூண்டும் கம்பும் இறுக்கிப் பிடித்திருந்த மரத்துக்கு அந்தப் பழக்கமே இருக்காது. உயரமாகப் போயிருக்கும், ஆனால் அடி மெலிந்திருக்கும். அப்படிப்பட்ட மரத்தை ஐப்பசியில் திடீரென்று விட்டுவிட்டால், கார்த்திகைப் புயலில் நட்டுக்கொண்டு நிற்காது. ஆவணியில் விட்டால் சிறு காற்றுகளில் ஆடிப் பழகிக்கொள்ளும். கழற்றியவுடன் வில்லாக வளைகிற மரம் இருந்தால், ஒரு கம்பு ஊன்றித் தேங்காய்நார்க் கயிற்றால் எட்டு வடிவத்தில், இரண்டு விரல் நுழையும்படி தளர்வாகக் கட்டுங்கள். நார்க் கயிறு ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானே மக்கி அறுந்துவிடும். நீங்கள் மறந்தாலும் அது மரத்தை நெரிக்காது.

வெட்டுவதற்கு அரிவாளை எடுக்காதீர்கள். தகரம் வெட்டும் கத்தரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கை அகலமுள்ள பனைமட்டைச் சிம்பையோ தகரத் துண்டையோ வலைக்கும் பட்டைக்கும் நடுவே செருகி, மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் வெட்டிக்கொண்டு வந்து, வலையை ஒரு புத்தகத்தைத் திறப்பதுபோல விரித்து எடுங்கள். மேல்பக்கமாக உருவாதீர்கள்; கிளைக் கணுக்கள் அத்தனையும் கிழிந்துவிடும். கை வைக்கும் முன்பு ஒரு குச்சியால் கூண்டைத் தட்டிப் பாருங்கள். குளவி, முசுறு, சில நேரம் பாம்பு எல்லாமே அந்த நிழலைத் தம் வீடாக்கிக்கொண்டிருக்கும்.

புதுத்தெருவாசி (தஞ்சாவூர்) எழுதுகிறார்:

எங்கள் தெருவில் இதே பச்சை வலையைக் கழற்றி, காலி மனையில் குவித்து எரித்துவிட்டோம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா?

எடைத்தட்டு (கும்பகோணம்) எழுதுகிறார்:

தஞ்சாவூர் நண்பரின் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதற்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அதைவிட முக்கியமாக, அந்தக் குவியலில் ஒரு துண்டு பிவிசி குழாய் கிடந்திருந்தாலும், அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவும் டயாக்சின் என்ற நச்சும் வந்திருக்கும். அதை முதலில் சுவாசித்தவர்கள் சுற்றி நின்று எரித்த நீங்கள்தான். இதைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பழைய பொருள் வாங்கி விற்கும் தொழிலில் இருப்பதால் எழுதுகிறேன்.

நீடாமங்கலம் தம்பியின் மூட்டையை ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது எனக்குப் புரிகிறது. நானும் அப்படிப்பட்ட மூட்டைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வலை எடையில் மிகக் குறைவு, இடத்தில் மிக அதிகம். ஒரு மினி லாரி நிறைய ஏற்றினாலும் தராசில் ஏறுவது சொற்பந்தான். மேலும், கட்டுக்கம்பி, நைலான் கயிறு, சேறு, காய்ந்த கொடி எல்லாம் சேர்ந்தே வரும். அரவை இயந்திரத்துக்குள் வலை நீளமாகப் போனால் சுழலும் தண்டில் சேலை சுற்றுவதுபோலச் சுற்றிக்கொள்ளும். மண் கத்தியை மழுக்கும். கம்பி கத்தியை உடைக்கும். ஆகவே வாங்குபவர் பணம் கொடுப்பது இருக்கட்டும், தன் இயந்திரத்தைக் காப்பாற்றவே வேண்டாம் என்பார்.

இனி, வாங்கும்படி எப்படித் தருவது என்று சொல்கிறேன். முதலில் பிளாஸ்டிக்கை இனம் பிரிக்க வேண்டும். பச்சை வலை பெரும்பாலும் எச்டிபிஇ, அதாவது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். சில வலைகள் பாலிபுரோப்பிலீன், அதாவது சிமெண்டுச் சாக்கின் இனம். இவை இரண்டும் தண்ணீரைவிட லேசானவை. பிவிசி தண்ணீரைவிடக் கனமானது. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, இரண்டு விரல்களால் தேய்த்துக் காற்றுக் குமிழியை நீக்கிய சிறு துண்டைப் போடுங்கள்: மிதந்தால் ஒரு குவியல், மூழ்கினால் வேறொரு குவியல். சுண்ணாம்புத் தூள் மிகுதியாகக் கலந்த மட்டமான சாக்கு சில சமயம் மூழ்கி ஏமாற்றும். ஆனால் குழாயையும் வலையையும் பிரிக்க இந்தச் சோதனையே போதும். தொழிலில் இருப்பவர்கள் நெருப்பில் காட்டி வாசனை பார்ப்பார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

பிவிசியை எச்டிபிஇயோடு கலந்து கொடுப்பதைப் போன்ற கேடு வேறில்லை. எச்டிபிஇ சுமார் 130 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். ஆனால் இயந்திரத்தில் ஏறக்குறைய 200 பாகையில்தான் ஓட்டுவார்கள். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து அமில வாயுவைக் கக்கி, உருகிய பொருள் முழுவதையும் கெடுப்பதோடு இயந்திரத்தின் உள்சுவரையும் அரித்துவிடும். நூறு கூண்டுகளைச் சுத்தமாகத் தந்துவிட்டு இரண்டு குழாய்த் துண்டுகளைத் தவறவிட்டால், நூறும் வீண்.

அடுத்து, வலையின் வயதைப் பார்க்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக அறுத்துவிடுகிறது; நொறுங்குதல் அதன் வெளி அடையாளந்தான். கையால் மடித்துப் பாருங்கள். மடிந்து மீண்டும் நிமிர்ந்தால் அது மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டியதே அல்ல. இன்னொரு கன்றுக்குக் கட்டுங்கள், அல்லது பாகலுக்கும் புடலுக்கும் பந்தல் வலையாக்குங்கள். மடித்த இடம் வெளுத்து, ஆனால் முறியாமல் இருந்தால் அரவைக்குத் தகும். அதிலிருந்து கறுப்புத் தோட்டக் குழாயோ கூடையோ செய்வார்கள், ஏனெனில் பச்சைச் சாயத்தை நீக்க வழியில்லை, கறுப்புக்குள் மறைக்கத்தான் முடியும். அப்பளம்போல் முறிகிற வலையை எவரும் உருக்கி வார்க்க மாட்டார்கள். வார்த்தாலும் அந்தப் பொருளுக்கு வலு இருக்காது.

முறிகிற வலைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஊராட்சியின் தூய்மைக் காவலர்களிடம், இது எரிப்பதற்கோ புதைப்பதற்கோ அன்று, ஒன்றிய அளவிலான பிளாஸ்டிக் அரவை நிலையத்துக்குப் போக வேண்டியது என்று தெளிவாகச் சொல்லி, தனிச் சாக்கில் ஒப்படையுங்கள். அங்கிருந்து அது தார்ச்சாலைக்கோ சிமெண்டு ஆலைச் சூளைக்கோ போகலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் கண்ட பிளாஸ்டிக் சாலை முறையில், சூடான கருங்கல் ஜல்லியின் மேல் அரைத்த பிளாஸ்டிக்கைத் தூவி, அது கல்லின் மேல் படலமாகப் படிந்த பிறகு தாரைச் சேர்ப்பார்கள். அந்தப் பணிக்காகவே 2018ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கினார்கள். அதிலும் பிவிசியைச் சேர்க்க மாட்டார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். சிமெண்டு ஆலைகள் நமக்குத் தொலைவில் இல்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் அரியலூரில் இருக்கின்றன. ஆனால் தனிமனிதர் ஒரு மூட்டையோடு போய் ஆலை வாசலில் நிற்க முடியாது. உள்ளாட்சி வழியாகத்தான் போக வேண்டும்.

அரவைக்குத் தகும் வலையைக் கொண்டுவரும்போது கம்பியையும் கயிற்றையும் முழுவதுமாக நீக்கி (கயிறு வேறு பிளாஸ்டிக், கம்பி இரும்புக்கு), ஓரடித் துண்டுகளாக வெட்டி, சேற்றை உதறி, சாக்கில் மிதித்து அடைத்துக் கொண்டுவாருங்கள். ஆற்றில் அலசாதீர்கள், மழை நாளில் திண்ணை ஓரமாகப் போட்டு வைத்தால் மழையே அலசிவிடும். ஒரு மூட்டையாகக் கொண்டுவராமல் பத்து மூட்டை சேர்ந்த பிறகு தொலைபேசியில் கேட்டுவிட்டு வந்தால், வேண்டாம் என்ற சொல் பெரும்பாலும் வராது. பெரிய பணத்தை எதிர்பார்க்காதீர்கள். வண்டிக் கூலி கட்டினாலே நல்ல வியாபாரம்.

கடைமடை விவசாயி (தலைஞாயிறு பக்கம்) எழுதுகிறார்:

ஒரத்தநாட்டு ஐயா சொன்ன ஆவணிக் கணக்கு மரத்துக்குச் சரியாக இருக்கலாம், தண்ணீருக்குச் சரியில்லை. நீங்கள் எல்லாரும் தலைமடையிலிருந்தும் நடுமடையிலிருந்தும் பேசுகிறீர்கள். வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைசியில் நிற்கிற எங்கள் வயலுக்கு, நீங்கள் கழற்றாமல் விட்ட கூண்டு எப்படி வந்து சேர்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெயிலில் நொறுங்கிய வலை கரையிலேயே கிடக்கிறது. மேட்டூரில் தண்ணீரைத் திறந்தால் மூன்று, நான்கு நாள்களில் கல்லணையைத் தாண்டிவிடுகிறது. அங்கிருந்து வரும் முதல் தண்ணீர் கரையோரக் குப்பை அத்தனையையும் வாரிக்கொண்டு இறங்குகிறது. பெரிய துண்டு மதகுப் பலகையில் சிக்கிக்கொள்ளும். அதன்மேல் ஆகாயத்தாமரை வந்து ஒதுங்கும். பிறகு தண்ணீர் ஏறுவதில்லை, நாங்கள் இரவில் இறங்கிக் கையால் எடுக்கிறோம். சிறு துண்டு எதிலும் சிக்காமல் நேரே வயலுக்குள் வந்துவிடும். சென்ற குறுவையில் நாற்றங்கால் அமைக்கச் சேறு மிதித்தபோது, பச்சைத் துணுக்குகள் நெல் உமிபோல் மேலே மிதந்தன. அவற்றை எப்படிப் பொறுக்குவது? விரல் நகத்தில் பாதி அளவுகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீர் வருவதற்கு முன்பு சித்திரை, வைகாசியில் தூர்வாரும் இயந்திரங்கள் வரும். கரையில் கிடக்கும் வலையை மண்ணோடு வாரிக் கரையின் மேலேயே கொட்டிப் பூசிவிட்டுப் போய்விடும். அதன் பிறகு அதை யாராலும் எடுக்க முடியாது. கரை கரையும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அது வெளிவரும்.

ஆகவே வாய்க்கால் கரையில் நிற்பவற்றில் முறிகிற கூண்டு எதுவானாலும், மரம் ஆடு எட்டும் உயரத்தில் இருந்தாலும், தூர்வாருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நொறுங்கும் வலை ஆட்டையும் தடுக்காது என்பதைக் கண்ணால் காண்கிறீர்கள் அல்லவா? ஜூன் 12தானே தண்ணீர் திறப்பார்கள் என்று நாள்காட்டியை நம்பியும் இருந்துவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டு மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை.

தென்னந்தோப்பு (ஒரத்தநாடு) எழுதுகிறார்:

கடைமடை நண்பர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். நான் தோப்புக்காரன், என் கூண்டு தண்ணீரில் போகாது என்பதால் எனக்கு அது தோன்றவில்லை. அப்படியானால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், தம்பி. முறிகிறதை எல்லாம் இப்போதே எடுங்கள். எடுக்கும்போது அடியில் ஒரு பழைய வேட்டியையோ தார்ப்பாயையோ விரித்துக்கொண்டால் சிதறுகிற துணுக்குகள் மண்ணில் விழா. எடுத்த இடத்தில் மரம் உயரமாகாமல் இருந்தால், கருவேல முள்ளை அடர்த்தியாகச் சுற்றிக் கட்டி, சாணத்தைக் கரைத்துத் தழையின் மேலும் தண்டின் மேலும் தெளித்துவிடுங்கள். மழை பெய்யும்வரை ஆடு வாய் வைக்காது. மேற்குப் பக்கத்துப் பட்டை வேகாமலிருக்க ஒரு கீற்றுத் துண்டைச் சாய்த்து வையுங்கள். மடிந்து நிமிர்கிற நல்ல வலையை ஆவணிவரை விட்டுவைக்கலாம்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்) எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. கடைமடை அண்ணன் எழுதியதைப் படித்த அன்று மாலையே வாய்க்கால் கரையை நடந்து பார்த்தோம். எங்கள் மதகுக்குக் கீழேயே மூன்று கூண்டுகள் முழுசாகக் கிடந்தன. அவை எங்களுடையவை என்பதில் ஐயமில்லை.

இரண்டு சந்தேகங்கள் மீதியிருக்கின்றன. பதினொரு மரங்களில் கட்டுக்கம்பி பட்டைக்குள் முழுவதுமாகப் புதைந்துவிட்டது. கம்பிக்கு மேலே தண்டு வீங்கியும் கீழே ஒடுங்கியும் இருக்கிறது. தோண்டி எடுக்கலாமா? இன்னொன்று, கரை நீர்வளத் துறையினுடையது, சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையது. நாங்கள் கட்டியதை நாங்களே கழற்றுவதற்கும் அவர்களிடம் கேட்க வேண்டுமா?

பெருமகிழம் (மன்னார்குடி) எழுதுகிறார்:

நான் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை. பள்ளியில் பசுமைப்படை மாணவர்களோடு இதே வேலையைச் செய்த அனுபவத்தில் சொல்கிறேன், தம்பி.

இலை செய்யும் உணவு பட்டையின் உட்பகுதி வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கம்பி அந்த வழியை இறுக்கும்போது உணவு மேலேயே தேங்கி வீங்குகிறது. வேர் பட்டினி கிடக்கிறது. தண்ணீர் மட்டும் உள்ளே கட்டை வழியாக ஏறிக்கொண்டிருப்பதால், தழை பச்சையாகவே இருந்து நம்மை ஏமாற்றும். வெளியே தெரிகிற கம்பி முனைகளை மட்டும் வெட்டுங்கள். ஒரு பக்கத்திலாவது கம்பி தெரிந்தால் அங்கே அறுத்து வளையத்தை உடைத்துவிடுங்கள். வளையம் உடைந்தாலே பாதி நெருக்கடி தீர்ந்தது. முழுவதும் புதைந்ததைத் தோண்டக் கூடாது. தோண்டினால் மீதியிருக்கும் பட்டையையும் நாமே அறுத்துவிடுவோம். மரம் சில சமயம் கம்பியை விழுங்கி, அதற்கு மேலே பட்டையை இணைத்துக்கொண்டு பிழைத்துவிடும். ஆனால் அந்த இடம் புயலில் முறியக்கூடிய பலவீனமான கணு என்பதை நினைவில் வைத்து, வீட்டுக்கும் மின்கம்பிக்கும் அருகில் நிற்பவற்றை விட்டுவைக்காதீர்கள். வேம்பும் புங்கனும் பூவரசும் வெட்டினால் நன்றாகத் துளிர்ப்பவை. அவற்றைத் தரையிலிருந்து ஓரடி விட்டு மழை தொடங்கும்போது வெட்டி, வரும் துளிர்களில் ஒன்றை மட்டும் நிறுத்தினால், பழைய வேரின் பலத்தில் இரண்டே ஆண்டுகளில் முன்பிருந்த உயரத்தை எட்டிவிடும். ஆனால் அப்படி வெட்டுவதற்குத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம் வேண்டும். கூண்டைக் கழற்றுவதற்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுச் செய்வது உங்களுக்கே பாதுகாப்பு. இல்லையென்றால் கூண்டைத் திருடுகிறார்கள் என்று யாராவது புகைப்படம் எடுத்துப் போடுவார்கள். எங்களுக்கு அப்படி நேர்ந்தது.

இனி நடப்போகும் கன்றுகளைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. கன்றைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் வளர்க்கும் முறையை 1979ஆம் ஆண்டு பிரிட்டனில் கிரகாம் டூலி என்ற வனத் துறையாளர் தொடங்கினார். ஒளி ஊடுருவும் அந்தக் குழாய் மானிடமிருந்தும் முயலிடமிருந்தும் கன்றைக் காத்ததோடு, குளிர்நாட்டில் உள்ளே வெதுவெதுப்பையும் தந்தது. அங்கும் நம்மைப் போலவே கழற்ற மறந்து காடெல்லாம் குழாயாகி, வுட்லண்ட் டிரஸ்ட் என்ற மரம் வளர்ப்பு அறக்கட்டளை 2021 முடிவுக்குள் பிளாஸ்டிக் கூண்டுகளை நிறுத்திவிடுவதாக அறிவித்தது. நமக்கு வெதுவெதுப்பு தேவையா என்று சித்திரை வெயிலில் நின்று யோசித்துப் பாருங்கள். பிளந்த பிவிசி குழாய்க்குள் வைத்த உங்கள் கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று எண்ணினீர்களா? எங்களிடம் அவைதான் முதலில் கருகின.

பூவரசையும் ஒதியனையும் கன்றாக ஏன் வைக்க வேண்டும்? எட்டடிப் போத்தாக, அதாவது நடுவதற்கான கிளையாக வெட்டி, மழைக்காலத்தில் இரண்டடி ஆழத்துக்கு ஊன்றினால், தழை முதல் நாளிலிருந்தே ஆட்டின் வாய்க்கு மேலேதான் இருக்கும், கூண்டே தேவையில்லை. புங்கன் தழையை ஆடு விரும்புவதில்லை என்பதால் அதற்குக் காவல் குறைவாகவே போதும். வேம்புக்கும் நாவலுக்கும் பனையின் கருக்குமட்டையை நான்கு பக்கமும் நெருக்கமாக ஊன்றி, நார்க் கயிற்றால் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். அந்தக் கருக்கின் பல்லில் மாடுகூட உடம்பைத் தேய்க்காது. இரண்டு, மூன்று ஆண்டுகளில் அது கறையானுக்கு உணவாகி மண்ணாகிவிடும். மரத்துக்கும் அதற்குமேல் காவல் தேவைப்படாது. பிளாஸ்டிக் வலையைத்தான் கட்டியாக வேண்டும் என்றால், கரி கலந்த கறுப்பு வலையை வாங்குங்கள். வெயிலைத் தாங்குவதில் பச்சை அதற்கு ஈடாகாது. கட்டுகிற அன்றைக்கே கம்பில் மாதத்தையும் ஆண்டையும் பெயிண்டால் எழுதி, கழற்ற வேண்டியவரின் பெயரையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர்களிடம் இதைத்தான் வற்புறுத்தினேன். பத்தாம் வகுப்பை முடித்துப் போனவன்கூடக் கழற்றுவதற்காகத் திரும்பி வந்தான்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்) எழுதுகிறார்:

ஆசிரியை அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். ஆவணி பிறந்து இரண்டு வாரங்களாகின்றன, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வைகாசி முதல் வாரத்தில், இரண்டு துறை அலுவலகங்களிலும் கடிதம் கொடுத்த பிறகு, வாய்க்கால் கரையில் முறிந்துபோன 97 கூண்டுகளை எடுத்தோம். தார்ப்பாய் விரித்து எடுத்ததில் ஒரு கூண்டுக்கு இருபது நிமிடங்கள் ஆயின. நினைத்ததைவிட மூன்று மடங்கு நேரம். அவற்றை ஏழு சாக்குகளில் அடைத்துத் தூய்மைக் காவலர் அக்காவிடம் ஒப்படைத்தோம். அரவை நிலையத்துக்கு வண்டி போகும் நாளில் நாங்களும் கூடவே போய் இறக்கிவிட்டு வந்தோம். தூர்வாரும் இயந்திரம் எங்கள் கரைக்கு அதற்குப் பிந்தைய வாரத்தில்தான் வந்தது. கருவேல முள் கட்டிய மரங்களில் நான்கை மட்டும் ஆடு கடித்துவிட்டது.

பிவிசி குழாய்க் கன்றுகளை அம்மா கேட்டதற்காக எண்ணினேன். நாற்பதில் ஒன்பதுதான் இருக்கின்றன. குழாய்களைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது சாலையோரத்து நல்ல வலைகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறோம். மடித்துப் பார்த்ததில் அறுபதுக்கு மேற்பட்டவை மீண்டும் கட்டத் தகுந்தவை. இந்த ஐப்பசியில் நடப்போகும் நாவலுக்கு அவை போதும். வெளுத்தவற்றைத் துண்டாக்கி ஆறு மூட்டை கட்டியாயிற்று. கும்பகோணத்து அண்ணன் பத்து மூட்டை என்று சொல்லியிருந்தார். பக்கத்து ஊர்க்காரர்களும் கழற்றத் தொடங்கியிருப்பதால் இன்னும் நான்கு சேர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். கயிற்றைத் தனியாக எடுத்துக்கொள்வீர்களா என்று மட்டும் சொல்லுங்கள், அண்ணா. அதுவே ஒரு சாக்கு இருக்கிறது.

எடைத்தட்டு (கும்பகோணம்) எழுதுகிறார்:

நைலானாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன். முடிச்சுகளை அவிழ்க்க வேண்டாம், வெட்டி எறிந்துவிடாமல் அப்படியே கொண்டுவாருங்கள். ஆனால் உள்ளே கம்பி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.